படிக்கத் தெரியாத தாளம்

என் மனைவியும் அந்த பேங்க் ஆபீசரும் ஒரு தாளைப் பார்த்துச் சிரித்தார்கள். அரூரில், எங்கள் ஆலயத்தில், சனிக்கிழமை மத்தியானப் பயிற்சியின்போது. அந்தத் தாளில் ஒரு வார்த்தைகூட இல்லை. ஐந்து ஐந்தாகக் கோடுகள், கோடுகளின் மேல் கறுப்புப் புள்ளிகள், நடுநடுவே பெருக்கல் குறிகள். அவர் ஓர் இடத்தில் விரலை வைத்து ஏதோ மெதுவாகச் சொன்னார். அவள் துப்பட்டாவால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள்.

நான் மைக் வயரைச் சுருட்டிக்கொண்டிருந்தேன். "என்னா?" என்று கேட்டேன்.

"ஒண்ணுமில்லைங்க. டிரம்ஸ் பார்ட்ல ஒரு எடம்" என்றாள்.

டிரம்ஸ் வாசிப்பவன் நான். அந்த ஆலயத்தில் பன்னிரண்டு வருடமாக வாசிக்கிறேன். டிரம்ஸைப் பற்றி ஒரு வேடிக்கை, என் கண் முன்னால், என் மனைவிக்கும் இன்னொரு ஆணுக்கும் புரிகிறது, எனக்குப் புரியவில்லை. வயரைச் சுருட்டிக்கொண்டே இருந்தேன். சுருட்டி முடித்ததை அவிழ்த்து மறுபடியும் சுருட்டினேன்.

நான் பஸ் கண்டக்டர். அரூரிலிருந்து சித்தேரி மலைக்குப் போகிற தடம். வேலை கிடைப்பதற்கு முன்னால் பாப்பாரப்பட்டிப் பக்கம் ஒரு பாட்டுக் கச்சேரிக் குழுவில் டிரம்ஸ் வாசித்தேன். யாரும் சொல்லித் தரவில்லை. குழுவில் இருந்தவர் சவுதிக்குப் போனபோது ஸ்டூல் காலியாக இருந்தது, உட்கார்ந்தேன், அவ்வளவுதான். பாட்டை மூன்று தடவை கேட்டால் கைக்கு வந்துவிடும். இன்றைக்கும் மாரியம்மன் பண்டிகை, கல்யாண ரிசப்ஷன் என்று கூப்பிட்டால் லீவு போட்டுவிட்டுப் போகிறேன்.

அவள் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். சிறுவயதிலேயே கன்னியாஸ்திரீகளிடம் பியானோ படித்தவள். ஐந்து கோட்டுத் தாளை எதிரில் வைத்தால், நாம் பேப்பர் படிப்பதுபோலப் படித்துக்கொண்டே கீபோர்டில் வாசிப்பாள். ஒரு கல்யாணத்தில் எங்கள் குழுவின் கீபோர்டுக்காரர் வராமல் போக, யாரோ அவளைக் கூட்டி வந்து உட்கார வைத்தார்கள். அப்படித்தான் பழக்கம். நான் பிறப்பால் கிறிஸ்தவன் இல்லை. இரண்டு வீட்டிலும் கொஞ்ச நாள் சண்டை நடந்தது, பிறகு ஓய்ந்தது. ஞாயிற்றுக்கிழமை அவளோடு ஆலயத்துக்குப் போனால் எங்கே உட்காருவது, எப்போது எழுந்து நிற்பது என்று தெரியாமல் தடுமாறுவேன். டிரம்ஸுக்குப் பின்னால் உட்கார்ந்த பிறகுதான் அந்தத் தடுமாற்றம் நின்றது. அங்கே எனக்கென்று இருந்தது அந்த ஸ்டூல் ஒன்றுதான்.

எங்கள் ஏற்பாடு எளிமையானது. வாரத்தில் என்ன பாட்டு என்று தெரிந்ததும் சனிக்கிழமை வீட்டில் அவள் ஒரு தடவை முழுதாக வாசிப்பாள். நான் நாற்காலியில் உட்கார்ந்து கேட்பேன். இரண்டாம் தடவை தொடையில் தட்டுவேன். மூன்றாம் தடவை இருவரும் சேர்ந்துவிடுவோம். எங்கே நிறுத்துவது, எங்கே எடுப்பது என்பதெல்லாம் அவள் தோளைப் பார்த்தே எனக்குத் தெரியும். எடுக்கப்போகிறாள் என்றால் இடது தோள் துளி ஏறும். இது எங்களுக்குள் மட்டும் உள்ள சங்கதி என்று எனக்கு ஒரு பெருமை இருந்தது.

அந்த ஆபீசர் போன வருடம் ஜூன் மாதம் பெங்களூரிலிருந்து மாற்றலாகி வந்தார். முப்பது வயது இருக்கும். கல்யாணம் ஆகவில்லை. முதல் ஞாயிறே ஆராதனை முடிந்ததும் என்னிடம் வந்து கையைப் பிடித்துக் குலுக்கினார். "பிரதர், சூப்பரா வாசிக்கறீங்க. நானும் கொஞ்சம் டிரம்ஸ் வாசிப்பேன். அதுக்குன்னு இருக்கற கிரேடு எக்ஸாமெல்லாம் முடிச்சிருக்கேன்" என்றார்.

"அப்படீங்களா, ரொம்ப சந்தோஷங்க" என்றேன். சந்தோஷமாகத்தான் இருந்தது. நான் மலை ட்யூட்டியில் மாட்டிக்கொண்டால் மாற்றுக்கு ஆள் இருக்கும் என்று நினைத்தேன். அவர் கெட்டவராக இருந்திருந்தால் எனக்கு எவ்வளவோ வசதியாக இருந்திருக்கும். கொஞ்சம் அலட்டிக்கொண்டிருந்தால்கூடப் போதும். அவர் அலட்டிக்கொள்ளவே இல்லை. நாற்காலி தூக்கினார், பாய் சுருட்டினார், பெரியவர்களுக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

அறுப்பின் பண்டிகை அன்று ஆலயத்து முற்றத்தில் ஏலம் நடந்தது. பூசணி, வாழைத்தார், சேவல் என்று காணிக்கையாக வந்ததை ஏலம் விடுவார்கள். இடையிடையே நாட்டுப்புற மெட்டில் கீர்த்தனை பாடுவோம். அதற்கு நான் ஓர் அடி வைத்திருந்தேன். கச்சேரிக் குழுவில் வாசித்த காலத்தில், பண்டிகைக்கு வரும் பம்பைக்காரர்களைக் கேட்டுக் கேட்டு நானாக டிரம்ஸுக்கு மாற்றிக்கொண்டது. அன்றைக்கு நன்றாக வந்தது. ஏலம் விட்டவரே சேவலைப் பிடித்தபடி ஆடினார்.

முடிந்ததும் திரும்பிப் பார்த்தால், ஆபீசர் ஆராதனை நோட்டீசின் பின்பக்கத்தில் பென்சிலால் கோடு போட்டு என்னமோ எழுதிக்கொண்டிருந்தார். "பிரதர், தப்பா நினைக்காதீங்க, ஒரு தடவ ட்ரை பண்ணிப் பாக்கறேன்" என்று என் ஸ்டூலில் உட்கார்ந்தார். நோட்டீசை முன்னால் இருந்த ஸ்நேர் என்ற சின்ன டிரம்மின் ஓரத்தில் செருகிக்கொண்டு வாசித்தார். அதே அடி. நான் வருடக்கணக்கில் உருட்டி உருட்டிச் சேர்த்தது, ஒரு பாட்டு நேரத்தில் அவர் கைக்குப் போய்விட்டது.

அதைக்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பேன். என் மனைவி அந்த நோட்டீசை எடுத்துப் பார்த்தாள். அவள் முகம் மலர்ந்ததை நான் பார்த்தேன்.

"ஐயோ, நீங்க அடிக்கறது இதுதானா! இங்க பாருங்க, ரெண்டாவது பார்ல, இந்தக் கட்டத்துல, அடி முன்னாலயே வந்து வுழுது. அதனாலதான் எனக்கு அங்க எப்பவும் கை தடுமாறுது. இத்தன வருஷமா தெரியலைங்க எனக்கு!"

என்னிடம் தாளை நீட்டினாள். நான் வாங்கிப் பார்த்தேன். என் அடிதான் அதில் இருந்தது. எனக்கு அதில் ஓர் எழுத்தும் தெரியவில்லை. பன்னிரண்டு வருடம் பக்கத்தில் உட்கார்ந்து என்னைக் கேட்டவளுக்கு, நான் என்ன செய்கிறேன் என்பது அவர் எழுதிக் காட்டியதும்தான் தெரிந்திருக்கிறது. "ஆமா, அதான்" என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தேன். அவள் அதைப் பத்திரமாக மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டாள்.

அதற்குப் பிறகு அவர்கள் பேசுவதை நான் ஒட்டுக்கேட்க ஆரம்பித்தேன். ஒட்டுக்கேட்பதற்கு அதில் ஒன்றும் இருக்காது. கிராட்செட், குவேவர், ரெஸ்ட், ரிப்பீட் என்பார்கள். "சிஸ்டர், முப்பத்திரண்டாவது பார்லருந்து எடுக்கலாமா?" என்பார் அவர். அவள் தோளெல்லாம் ஏற்ற மாட்டாள். எண்ணைச் சொன்னால் போதும், இருவரும் ஒரே இடத்தில் இறங்கிவிடுவார்கள். வீட்டுக்கு வந்தால் என் வாய் சும்மா இருக்காது.

"ஒங்க ஆபீசரு இன்னிக்கு ரொம்ப சிரிச்சாரு போல."

"எங்க ஆபீசரா? பேங்க்கு ஆபீசருங்க" என்று சொல்லிவிட்டு அவள் பரீட்சைப் பேப்பர் திருத்தப் போய்விடுவாள்.

இதில் சந்தேகப்பட ஒன்றுமில்லை என்று எனக்குத் தெரியும். சந்தேகம் வேறு, இது வேறு. யாரோ ஒருவன் வந்து அவளோடு கன்னடத்தில் பேசி, அவளும் சரளமாகப் பதில் சொல்லி, அவளுக்கு அந்தப் பாஷை தெரியும் என்பதே எனக்கு அன்றுதான் தெரியவந்தால் எப்படி இருக்கும்? அப்படி இருந்தது.

ஒரு திங்கட்கிழமை ஜெராக்ஸ் கடைக்குப் போய், அவள் ஃபைலிலிருந்து எடுத்த டிரம்ஸ் தாள் ஒன்றைப் பிரதி எடுத்தேன். தாளைத் திரும்ப அதே இடத்தில் வைத்துவிட்டேன். போனில் வீடியோ பார்த்து அடிப்படையைத் தெரிந்துகொண்டேன். கீழ் இடைவெளியில் புள்ளி இருந்தால் காலால் அடிக்கிற பேஸ் டிரம். நடுவில் இருந்தால் ஸ்நேர். எல்லாவற்றுக்கும் மேலே பெருக்கல் குறி போட்டிருந்தால் ஹை-ஹாட் என்கிற உலோகத் தட்டு. கேட்க எளிதாக இருந்தது. தாளைப் பார்த்தால் எல்லாம் கலங்கிவிடும்.

சித்தேரியில் பஸ் திரும்புவதற்குக் கொஞ்ச நேரம் நிற்கும். அங்கே போனில் சிக்னல் சரியாகக் கிடைக்காது, தாள்தான் துணை. சாமை மூட்டையும் கடுக்காய் மூட்டையும் ஏற்றிக்கொண்டிருப்பார்கள். நான் பின் சீட்டில் உட்கார்ந்து, டிக்கெட் மெஷினை ஒதுக்கி வைத்துவிட்டு, முன் சீட்டின் கம்பியில் இரண்டு விரலால் தட்டிப் படிப்பேன். டிரைவர் என்னைவிட மூத்தவர். ஒருநாள் வந்து எட்டிப் பார்த்தார்.

"என்னப்பா இது? கோழி நடந்த மாதிரி இருக்குது."

"டிரம்ஸ் பாடம்ணா."

"ஒனக்கா? ஒனக்குத்தான் நல்லா அடிக்க வருமே."

"படிக்க வராதுண்ணா."

"அடிக்கறவனுக்குப் படிப்பு என்னாத்துக்கு? நான் என்ன மேப்பு பாத்தா மலை ஏத்தறேன்?"

நானும் கச்சேரிக் குழுவில் அப்படித்தான் பேசிக்கொண்டு திரிந்தேன். தாள் பார்த்து வாசிப்பவனுக்குக் காது மந்தம் என்று சொல்லிச் சிரிப்போம். எங்களில் யாரும் தாள் பார்த்து வாசிப்பவனை நேரில் கண்டதில்லை. இப்போது கண்டுவிட்டேன். அவர் காதில் ஒரு குறையும் இல்லை.

பஸ் மலை இறங்கும்போதும் விரல் நிற்காது. வளைவுகளில் கம்பியைப் பிடித்தபடி மனதுக்குள் எண்ணிக்கொண்டிருப்பேன். "ஏங்க கண்டெக்டரே, தாளம் அப்பறம் போடுங்க, மொதல்ல டிக்கெட்டு குடுங்க" என்று தேன் டப்பா வைத்திருந்த ஓர் அம்மா அதட்டியதும் உண்டு.

அந்த வருடக் கிறிஸ்துமஸுக்குப் பெரிய ஏற்பாடு. பாடகர் குழு, கீபோர்டு, டிரம்ஸ், சேலத்திலிருந்து வரும் இரண்டு டிரம்பெட் என்று எல்லோரும் சேர்ந்து இடைவிடாமல் செய்கிற ஒரு நீண்ட இசை நிகழ்ச்சி. எல்லாமே தாளில். யார் டிரம்ஸ் என்பதை என் மனைவிதான் முடிவு செய்ய வேண்டும், அவள்தான் பாடகர் குழுவின் பொறுப்பாளர். முடிவை ஆலயத்தில் எல்லோர் முன்னாலும் சொல்லவில்லை. அந்த மரியாதையை எனக்குக் கொடுத்தாள். வீட்டில், நான் சாப்பிட்டுக் கை கழுவும்போது சொன்னாள்.

"இந்த வாட்டி அவரே வாசிக்கட்டுங்க. தாளம் அடிக்கடி மாறுது. கேட்டுப் பழகறதுக்கு ரெக்கார்டிங்கும் இல்ல."

குழாயை மூடாமல் நின்றேன். "பன்னெண்டு வருஷமா அடிச்சவனுக்கு இப்ப அடிக்கத் தெரியாமப் போயிடுச்சா?"

"அடிக்கத் தெரியலன்னு யாரு சொன்னா? படிக்கணும்."

"அவரு வந்ததும் ஒனக்குப் படிப்பு பெருசாப் போயிடுச்சு."

அவள் தட்டுகளை எடுத்துக்கொண்டிருந்தவள், மேசையிலேயே வைத்துவிட்டாள்.

"நான் ஒண்ணு சொல்லட்டுங்களா? கோவிச்சுக்காதீங்க. புதுசா ஒரு பாட்டு கைக்கு வந்தா எனக்கு எப்படி இருக்கும் தெரியுமா? ஒடனே ஒக்காந்து, யாராச்சும் கூட ஒருத்தரு சேந்து, என்னா வரும்னு தெரியாமயே ரெண்டு பேரும் ஒண்ணாப் போயிப் பாக்கணும்னு இருக்கும். ஒங்களோட அது முடியாது. நான் மொதல்ல வாசிக்கணும், நீங்க கேக்கணும். நீங்க சேர்றப்ப எனக்கு அது பழசாப் போயிருக்கும். கஷ்டமானது வந்தா எடுத்து வெச்சிருவேன், ஒங்களுக்குக் கேட்டுப் புடிக்க நாளாகும்னு. எத்தன எடுத்து வெச்சிருக்கேன் தெரியுமா? பன்னெண்டு வருஷமா நான் தனியாத்தான் படிச்சிட்டு இருக்கேன்."

"சொல்லியிருக்கலாம் இல்ல?"

"சொன்னா மூஞ்சியத் தூக்கி வெச்சிக்குவீங்க. இப்ப வெச்சிருக்கீங்களே, இந்த மாதிரி."

நாற்காலியில் உட்கார்ந்து அவள் மூன்று முறை வாசிப்பதைக் கேட்ட அத்தனை சனிக்கிழமைகளும் எனக்கு நினைவுக்கு வந்தன. நான் அவற்றை எங்கள் சந்தோஷமாக வைத்திருந்தேன். அவளும் சந்தோஷமாக இருந்தாள் என்பது பொய்யில்லை. ஆனால் அவள் எனக்காகக் காத்துக்கொண்டும் இருந்திருக்கிறாள். அந்த ஆள் வந்து ஆறு மாதம்கூட ஆகவில்லை, அவளைக் காக்க வைக்கவில்லை. பொறாமை அப்போதுதான் எனக்கு நிஜமாக வந்தது. அதற்கு முன்னால் பட்டதெல்லாம் சும்மா.

"நானுந்தான் கத்துக்கிட்டு இருக்கேன்" என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன்.

"என்னாது?"

சட்டைப் பையிலிருந்து ஜெராக்ஸ் தாளை எடுத்துக் கொடுத்தேன். மடிப்புகளில் கிழிந்து, வியர்வை பட்டு ஊறியிருந்தது. அவள் அதைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். சிரிக்கவில்லை. தாளை மேசையில் விரித்து ஓர் இடத்தைக் காட்டினாள். "இத அடிங்க பாக்கலாம்."

அடித்தேன். இரண்டு கட்டம் சரியாகப் போனது. மூன்றாவதில் ஓர் ஓய்வுக் குறியைக் கவனிக்காமல் மிதித்துக்கொண்டு போய்விட்டேன். "இங்க சும்மா இருக்கணும்" என்றாள். மறுபடி அடித்தேன். சரி என்றாள்.

"அன்னிக்கு எதப் பாத்து சிரிச்சீங்க ரெண்டு பேரும்?" என்று கேட்டேன்.

அவளுக்கு உடனே நினைவு வரவில்லை. அது எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது. பிறகு ஃபைலைத் தேடி அந்தத் தாளை எடுத்தாள். ஒரு கோட்டில் தடித்த கறுப்புப் பட்டை, அதன் மேல் அறுபத்து நான்கு என்ற எண். அறுபத்து நான்கு கட்டத்துக்கு டிரம்ஸ்காரர் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். அதற்குப் பிறகு தட்டில் ஒரே ஓர் அடி, அதுவும் மெதுவாக. பிறகு மறுபடியும் தடித்த பட்டை.

"'இந்த கேப்புல நான் பேங்குக்குப் போயி ஒரு லோன் பாஸ் பண்ணிட்டு வந்துருவேன் சிஸ்டர்'னு சொன்னாரு" என்றாள். சொல்லிவிட்டு மறுபடியும் சிரித்தாள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. "அவ்வளவுதானா?" என்றேன். நல்ல நகைச்சுவைதான், நான் சொல்லியிருந்தால்.

அந்த நிகழ்ச்சியில் டிரம்ஸ் எனக்குக் கிடைக்கவில்லை. அவள் மனம் மாறவில்லை, மாறியிருந்தால் நிகழ்ச்சி கெட்டிருக்கும். ஆனால் வேறொரு வேலை கொடுத்தாள். அவள் வாசிக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து பக்கம் புரட்டித் தர வேண்டும். இரண்டு கையும் கீபோர்டில் இருக்கும்போது அவளால் புரட்ட முடியாது. கடைசி வரியில் கண் வைத்து, அவள் அங்கே வந்து சேர்வதற்குத் துளி முன்னால் திருப்ப வேண்டும். அதற்குப் படிக்கத் தெரிய வேண்டும். முழுதாகத் தெரிய வேண்டாம், அவள் எங்கே இருக்கிறாள் என்று தெரிந்தால் போதும்.

"கோட்டை மட்டும் புடிச்சிட்டு வாங்க. என் தோளப் பாக்காதீங்க" என்றாள்.

நிகழ்ச்சி அன்று சாயந்திரம் ஆலயம் நிரம்பி வெளியிலும் நாற்காலி போட்டார்கள். நான் கோட்டைப் பிடித்துக்கொண்டு வந்தேன். முதல் பக்கம், இரண்டாம் பக்கம், ஐந்தாம் பக்கம். சரியாகத் திருப்பினேன். வியர்த்துக் கொட்டியது, டிரம்ஸ் வாசித்து ஒருநாளும் அப்படி வியர்த்ததில்லை. பிறகு டிரம்பெட் எழும்பியது. அதோடு சேர்ந்து அவர் ஸ்நேரில் ஓர் உருட்டு உருட்டினார். மணலைக் கொட்டுவது போல ஆரம்பித்து, மெல்ல மெல்லப் பெருத்து, ஆலயத்துத் தகரக் கூரை வரை போய் நின்றது. என் ஸ்டூலில் உட்கார்ந்து, என் டிரம்மில். எனக்கு அப்படி வராது. படித்தாலும் படிக்காவிட்டாலும் வராது. அது கையில் இருக்கிறது. அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

முழங்கையால் என் விலாவில் ஓர் இடி விழுந்தது. திரும்பினால் அவள் கடைசிக் கட்டத்தில் இருந்தாள். நான் கை நீட்டுவதற்குள் அவளே இடது கையை எடுத்துப் பக்கத்தைத் தள்ளினாள். அவள் கீழே வாசித்துக்கொண்டிருந்த கனமான சுரங்கள் ஒரு கணம் இல்லாமல் போயின. அந்தப் பள்ளத்தில் பேஸ் டிரம் இரண்டு தடவை அழுத்தமாக விழுந்தது. பாட்டு அசையவில்லை. ஜனங்களுக்கு ஒன்றும் தெரியவில்லை.

முடிந்ததும் கைதட்டல் ஓயவே இல்லை. ஆயர் எல்லோரையும் முன்னால் அழைத்து நிறுத்தினார். கேக் கொடுக்கிற இடத்தில் ஆபீசர் என்னிடம் வந்தார்.

"பிரதர், அந்தப் பேஜ் டர்ன்ல சிஸ்டர் லெஃப்ட் ஹேண்ட் எடுத்தாங்க இல்ல, நான் கால்ல புடிச்சுக்கிட்டேன். என் ஷீட்ல அது இல்ல. நீங்க அறுப்பின் பண்டிகையில அடிச்சீங்களே, முன்னாலயே வந்து வுழற மாதிரி, அதுதான் காலுக்கு வந்துச்சு."

அவர் நன்றி சொல்வது போலத்தான் சொன்னார். நானும் சிரித்து, அவர் தட்டில் இன்னொரு துண்டு கேக் வைத்தேன். வண்டியில் வீட்டுக்குப் போகும்போது என் மனைவி பின்னால் உட்கார்ந்து அந்த உருட்டைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தாள். பஸ் ஸ்டாண்டு திருப்பத்தில் நான் கேட்டேன்:

"நான் எத்தன பக்கம் சரியாத் திருப்பனேன்?"

"ஒண்ணத் தவிர எல்லாமே சரிதாங்க."

"அதச் சொல்லவே இல்ல நீ."

"இப்பச் சொல்லிட்டேன் இல்ல?" என்று முதுகில் ஒரு தட்டுத் தட்டினாள்.

ஆபீசர் இன்னும் அரூரில்தான் இருக்கிறார். மாற்றல் வரும் என்று சில நாள் ஆசையோடு காத்திருந்தேன், வரவில்லை. ஞாயிறுகளில் மாறி மாறி வாசிக்கிறோம். பெரிய நிகழ்ச்சி என்றால் அவர்தான். அதைப் பற்றி இப்போது எங்கள் வீட்டில் சண்டை இல்லை. ஆனால் நிகழ்ச்சிக்கு முந்தின வாரம் நான் கொஞ்சம் குறைவாகப் பேசுவேன், அவளும் அதைப் பார்த்தும் பார்க்காததுபோல இருந்துவிடுவாள்.

பங்குனி மாதம் ஏரியூர்ப் பக்கம் ஒரு கோவில் பண்டிகைக் கச்சேரிக்குப் போயிருந்தபோது பழைய கீபோர்டுக்காரர் கேட்டார், "தாளப் பாத்து வாசிக்கக் கத்துக்கறியாமே? டிரம்ஸுக்கு என்னாத்துக்குப்பா அது?"

அங்கே யாரும் தாளைக் கேட்கப்போவதில்லை. அன்றைக்கும் காதை நம்பித்தான் வாசிக்க இருந்தேன். "வூட்டுல பேச்சுத் துணைக்குண்ணா" என்றேன். அவர் விளையாட்டுக்குச் சொல்கிறேன் என்று நினைத்து ஸ்பீக்கரைப் பார்க்கப் போய்விட்டார்.

போன சனிக்கிழமை அவள் எடுத்து வைத்திருந்ததில் ஒன்றை வெளியே எடுத்தாள். எனக்கு ஒருபோதும் வாசித்துக் காட்டாதது. டிரம்ஸ் தாளை என் முன்னால் வைத்தாள். பயிற்சிக்கென்று வாங்கிய ரப்பர் தட்டும் குச்சியும் என்னிடம் இருந்தன. "ஒண்ணு ரெண்டு மூணு நாலு" என்று எண்ணி ஆரம்பித்தாள். முதல் பக்கம் போனேன். இரண்டாம் பக்கத்தின் நடுவில் எங்கே இருக்கிறேன் என்று தெரியாமல் போய்விட்டது. அவள் நிறுத்துவாள் என்று பார்த்தேன். அவள் நிறுத்தவில்லை, திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கண்ணைத் தாளில் வைத்து, எனக்குத் தெரியாத பாட்டுக்குள் போய்க்கொண்டே இருந்தாள். எனக்குக் கோபமும் வந்தது. குச்சியைப் பிடித்தபடி வரிவரியாகத் தேடினேன், அடுத்து எங்கே ஏறிக்கொள்வது என்று.